ஹவுசிங் போர்டு வீட்டுக்கு மதிப்புப் போட்ட கதை

எங்கள் சிங்கப்பூரில் இளையர்கள் கல்யாணம் பேசுகிற விதமே தனி. "வீட்டுக்கு விண்ணப்பம் போடலாமா?" என்று பையன் கேட்டால், "என்னைக் கட்டிக்கொள்கிறாயா?" என்று அர்த்தம். என் மூத்த பேத்திக்கும் அப்படித்தான் நிச்சயமானது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாகக் கட்டப்போகும் நாலறை வீட்டின் விலைப் பட்டியலைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"தாத்தா, நீங்க நாப்பது வருஷமா வீட்டுக்கு மதிப்புப் போடுற ஆபீஸ்லதானே இருந்தீங்க. ஒரு வீட்டுக்கு இதுதான் மதிப்புன்னு யாரு முடிவு பண்றா?"

அவளுக்கு வடை ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். ஆனால் சொன்னது எனக்கே போதவில்லை. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். என் வயதுக்காரர்களுக்குப் பாதி தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாடகையிலிருந்து தொடங்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் 1927இல் சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் என்று ஒன்றை அமைத்தார்கள். அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து கட்டிய வீடுகள் சுமார் 23,000தான். மற்றவர்கள் எல்லாம் கடைவீட்டு அறைகளிலும், கம்பத்து அத்தாப்புக் குடிசைகளிலும், துறைமுகத்துத் தொழிலாளர் லயங்களிலும் இருந்தார்கள். 1960 பிப்ரவரி முதல் தேதி வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. நம் ஆட்களுக்கு அது இன்றைக்கும் 'ஹவுசிங் போர்டு'தான். 1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பிடித்த தீயில் ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். அதன்பிறகு கழகம் கட்டிய வேகம் ஊரறிந்தது. முதல் ஐந்தாண்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேல்.

அந்த வீடுகளுக்கு வாடகை எப்படி வைத்தார்கள் என்பதுதான் என் கதையின் ஆரம்பம். ஓரறை வீட்டுக்கு மாதம் 20 வெள்ளி, ஈரறைக்கு 40, மூவறைக்கு 60. இந்த எண்களின் வட்டத்தைப் பாருங்கள். சிமெண்டு என்ன விலை, நிலம் என்ன விலை என்று கூட்டிப் பார்த்தால் இப்படி 20, 40, 60 என்று வராது. ஒரு கூலித் தொழிலாளி மாதச் சம்பளத்தில் எவ்வளவு எடுத்து வைக்க முடியும் என்று பார்த்து வைத்த எண்கள் இவை. வீட்டின் மதிப்பை வீட்டில் தேடாமல் குடியிருப்பவரின் சட்டைப்பையில் தேடினார்கள்.

என் அப்பா தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளி. 1963இல் எங்களுக்கு 40 வெள்ளி வாடகையில் ஈரறை வீடு கிடைத்தது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. குழாயைத் திருகினால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வருவதை அம்மா ஒரு வாரம் நம்பவில்லை.

மறு வருடமே, 1964 பிப்ரவரியில், 'மக்களுக்குச் சொந்த வீடு' என்ற திட்டம் வந்தது. குவீன்ஸ்டவுனில் ஈரறை வீடு 4,900 வெள்ளி, மூவறை வீடு 6,200 வெள்ளி. 99 ஆண்டுக் குத்தகை. அப்பாவும் அவர் கூட்டாளிகளும் புளோக்குக்குக் கீழே உட்கார்ந்து இதைப் பற்றி ராத்திரி வெகுநேரம் பேசுவார்கள். முன்பணம் யாரிடமும் இல்லை. இருந்தவருக்கும் மனம் இல்லை. "சொந்தம்னா அது ஊர்ல இருக்கணும். இங்க நமக்கு எதுக்கு?" என்று அப்பா சொல்லிவிட்டார். அந்தத் தலைமுறைத் தமிழர்களில் பலருக்கு அதே எண்ணம்தான். மிச்சம் பிடித்த காசு கடல் கடந்து போய் ஊரில் நிலமாக மாறியது. அப்பா வாங்கிய அரை ஏக்கர் இன்றைக்கு யார் கையில் இருக்கிறது என்பது வேறு கதை, அதை இங்கே எழுத வேண்டாம்.

பலருடைய மனத்தை மாற்றியது 1968. அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து மத்திய சேம நிதியில் இருக்கும் பணத்தை எடுத்து வீட்டுக்குக் கட்டலாம் என்று அனுமதித்தார்கள். மாதச் சம்பளத்தில் கை வைக்காமலே வீடு வாங்க முடிந்தது. விண்ணப்பங்கள் குவிந்தன.

விலை அவ்வளவு குறைவாக இருந்ததற்கு நிலமும் ஒரு காரணம். 1966இல் நிறைவேறிய நில எடுப்புச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் பொதுத் தேவைக்காகத் தனியார் நிலத்தை எடுத்துக்கொண்டது. பிறகு வந்த ஒரு திருத்தம், 1973 நவம்பர் 30ஆம் தேதி அந்த நிலம் என்ன பெறுமோ அதற்கு மேல் இழப்பீடு கிடையாது என்று கோடு கிழித்தது. அந்தத் தேதி பல ஆண்டு நகரவே இல்லை. முழுச் சந்தை மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்தது 2007இல்தான். மலிவு வீடு என்றால் யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று பொருள். இங்கே விட்டுக்கொடுத்தவர்களில் பழைய நிலக்காரர்களும் உண்டு. இதைச் சொல்லாமல் 6,200 வெள்ளியின் பெருமையை மட்டும் பேசுவது நியாயம் இல்லை.

இன்னொரு திருப்பம் 1971. அதுவரை வாங்கிய வீடு வேண்டாம் என்றால் கழகத்திடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்கிய விலையும், நீங்கள் செய்த மராமத்துக்குத் தேய்மானம் போக ஒரு தொகையும் கிடைக்கும். லாபம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1971இல் மூன்று ஆண்டு குடியிருந்தவர்கள் தகுதியுள்ள எவருக்கும் சந்தை விலைக்கு விற்கலாம் என்று கதவைத் திறந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்த மூன்றை ஐந்தாக்கினார்கள். அன்றிலிருந்து ஒரே மாதிரி வீட்டுக்கு இரண்டு விலை. கழகம் புதிதாக விற்கும் விலை ஒன்று, கைமாறும்போது கிடைக்கும் விலை இன்னொன்று. எங்களைப் போன்ற மதிப்பீட்டாளர் அலுவலகங்களுக்குச் சோறு போட்டது இந்த இரண்டாவது விலைதான்.

நான் ஒரு தனியார் மதிப்பீட்டு நிறுவனத்தில் உதவியாளனாகச் சேர்ந்து, அளவு நாடாவோடு வீடு வீடாக ஏறி இறங்கினேன். வேலை பார்ப்பதற்கு எளிது. பக்கத்தில் சமீபத்தில் விற்ற அதே வகை வீடுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு கூட்டல் கழித்தல். எத்தனையாவது மாடி? மூலை வீடா, நடு வீடா? மாலை வெயில் நேரே கூடத்துக்குள் அடிக்கிறதா? மின்தூக்கி அந்த மாடியில் நிற்கிறதா? இப்போதைய பிள்ளைகளுக்கு இந்தக் கடைசிக் கேள்வி புரியாது. பழைய புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. நடுவில் இருப்பவர்கள் ஒன்றிரண்டு மாடி படியேற வேண்டும். 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம்தான் அதைச் சரி செய்தது. முழங்கால் வலிக்காரருக்கு அது உயிர்ப் பிரச்சினை. எங்களுக்கு அது அறிக்கையில் ஒரு வரி.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர்கள் எங்களை வாசலில் வரவேற்கும் விதம் வருடத்துக்கு வருடம் மாறியது. ஆரம்பத்தில் "ஏதோ பார்த்துப் போடுங்க தம்பி" என்பார்கள். பின்னாளில் தேநீர், பிஸ்கட், புதிதாக மாற்றிய சமையலறையைச் சுற்றிக் காட்டுதல், "போன மாசம் ஒன்பதாவது மாடி என்ன விலைக்குப் போச்சு தெரியுமா?" என்ற விசாரிப்பு. வீடு குடியிருக்கும் இடமாக இருந்தது போய், மூப்புக் காலத்துச் சேமிப்பாகவும் ஆகிவிட்டது.

அதற்கு ஒரு முக்கியமான காரணம் 1993இல் செய்த ஒரு மாற்றம். அதற்கு முன், மறுவிற்பனை வீட்டுக்குக் கழகம் கடன் கொடுக்கும்போது, 1984இல் புது வீடுகளுக்கு வைத்திருந்த விலைப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டது. சந்தையில் என்ன விலை போனாலும் கடன் பழைய கணக்கில்தான். 1993இல் அதை மாற்றி, நடப்பு மதிப்பீடு அல்லது விற்பனை விலை, இரண்டில் எது குறைவோ அதன் மேல் கடன் என்றார்கள். நியாயமான மாற்றம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். விலை ஏறினால் எங்கள் மதிப்பீடு ஏறும். மதிப்பீடு ஏறினால் கடன் ஏறும். கடன் ஏறினால் வாங்குபவர் கையில் பணம் கூடும், விலை மறுபடி ஏறும். ஆசிய நிதி நெருக்கடி வரும் வரை அது ஏறிக்கொண்டே போனதை நாங்கள் மாதாமாதம் எங்கள் கையெழுத்தாலேயே பார்த்தோம். வெப்பமானி அறையைச் சூடாக்காது என்பார்கள். எங்கள் வெப்பமானி கொஞ்சம் சூடாக்கியது.

அடுத்து வந்தது ரொக்கக் கூத்து. சேம நிதியும் கடனும் மதிப்பீட்டுத் தொகை வரைக்கும்தான் செல்லும். அதற்கு மேல் விற்பவர் கேட்பதை ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். அந்த நாளில் விற்பவர் முதலிலேயே மதிப்பீட்டு அறிக்கையை வாங்கிக் கையில் வைத்துக்கொள்வார். பேரம் முழுவதும் 'மதிப்பீட்டுக்கு மேலே எத்தனை ஆயிரம்?' என்பதைப் பற்றித்தான். காப்பிக்கடையில் வீட்டு விலையைக் கேட்பவர் எவருமில்லை. மேலே எவ்வளவு வாங்கினாய் என்றுதான் கேட்பார்கள். நாங்கள் எழுதிய எண் விலையின் கூரையாக இருக்க வேண்டியது, பேரத்தின் தரையாகிவிட்டது.

2014 மார்ச் 10ஆம் தேதி அதற்கு முடிவு கட்டினார்கள். முதலில் வாங்குபவரும் விற்பவரும் விலை பேசி முடிக்க வேண்டும், பிறகுதான் கழகத்திடம் மதிப்பீடு கேட்க முடியும். இரண்டு வரி விதி மாற்றம், பேரத்தின் தரையை உருவிவிட்டது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு அது. மதிப்பீடு எப்படிச் செய்கிறோம் என்பதில் எந்த மாற்றமும் இல்லை. எப்போது சொல்கிறோம் என்பது மட்டும் மாறியது. நாற்பது ஆண்டில் நான் கற்ற பெரிய பாடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நம்மவர்களைத் தொடும் ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்தாரும் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு. இந்தியருக்கும் மற்றவருக்கும் ஒரு புளோக்கில் அப்போது 13 விழுக்காடு. 2010இல் அதை 15 ஆக்கினார்கள். இனவாரியாகப் பேட்டைகள் பிரிந்து கிடந்த காலத்தைப் பார்த்தவன் நான். அந்த நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். என் புளோக்கில் சீனர், மலாய்க்காரர், நாங்கள் எல்லாரும் ஒரே தாழ்வாரத்தில் இருப்பது அதனால்தான்.

ஆனால் மதிப்பு என்று வரும்போது ஒரு சங்கடம் உண்டு. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால், அங்கே இருக்கும் தமிழரோ மலாய்க்காரரோ தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்கக் கூடியவர்கள் கூட்டம் சுருங்கிவிடும். கூட்டம் சுருங்கினால் விலையும் இறங்கும், விற்கும் காலமும் நீளும். எதிர்வீட்டுச் சீனருக்கு அந்தத் தொல்லை இல்லை. நாங்கள் நிரப்பிய படிவத்தில் மாடிக்கு ஒரு கட்டம் உண்டு, பரப்பளவுக்கு ஒரு கட்டம் உண்டு, இனத்துக்குக் கட்டம் கிடையாது. காகிதத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே மதிப்பு. பேரத்தில்தான் வேறுபாடு தெரியும். இது நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது. 2022 மார்ச்சில், இந்த வரம்பால் விற்க முடியாமல் திணறுகிறவர்களின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ள முன்வரும் என்று அறிவித்தார்கள். முப்பத்து மூன்று ஆண்டு ஆயிற்று. ஒரு சமூகம் கலந்து வாழ்வதற்கு ஆகும் செலவை எல்லாரும் சமமாகச் சுமக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் பிடித்தது.

இப்போது பேத்தியின் விலைப் பட்டியலுக்கு வருகிறேன். அப்பா காலத்தில் விலை சட்டைப்பையிலிருந்து தொடங்கியது என்றேன் அல்லவா? இப்போது தொடங்கும் இடம் வேறு. அருகில் மறுவிற்பனை வீடுகள் என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்துப் புது வீட்டின் சந்தை மதிப்பைக் கணிக்கிறார்கள். அதிலிருந்து சலுகையைக் கழித்து விற்கிறார்கள். வருமானத்துக்கேற்ப மானியம் தனி. கடைசியில் அவள் கட்டும் மாதத் தவணை தாங்கக்கூடியதாக இருக்கலாம். ஆனாலும் கணக்கின் முதல் வரி என்னைப் போன்ற கிழவர்கள் தம் வீட்டை என்ன விலைக்கு விற்றார்கள் என்பதுதான். பழைய வழி இன்றும் உயிரோடு இருப்பது வாடகை வீடுகளில். நான் ஓய்வு பெற்ற சமயத்தில், 800 வெள்ளிக்குள் சம்பாதிக்கும் குடும்பம் முதன்முறை விண்ணப்பித்தால் ஓரறை வீட்டுக்கு 26 முதல் 33 வெள்ளி வரைதான் வாடகை. அங்கே மதிப்பீட்டாளருக்கு வேலை இல்லை.

நகர மையத்தில் சலுகையோடு வாங்கிவிட்டு அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க, 2021இல் ரோச்சோரில் புது வகை வீடுகளை விற்றார்கள். பத்தாண்டு குடியிருக்க வேண்டும். விற்கும்போது 6 விழுக்காட்டைத் திருப்பித் தர வேண்டும். எதன் மேல் 6 விழுக்காடு? விற்ற விலை, மதிப்பீடு, இரண்டில் எது அதிகமோ அதன் மேல். 1993இல் 'எது குறைவோ' என்றார்கள், கடன் கொடுப்பதால். இப்போது 'எது அதிகமோ' என்கிறார்கள், திரும்ப வாங்குவதால். அந்த வரியைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

கடைசியாக, 99 ஆண்டு. இளமையில் 99 என்பது முடிவில்லாத எண் மாதிரி இருந்தது. நிலத்தின் குத்தகை தேயத் தேய அதன் மதிப்பு எவ்வளவு என்று கணிக்க எங்கள் தொழிலில் ஓர் அட்டவணை உண்டு. நில அலுவலகத்தில் பணியாற்றிய ஒருவரின் பெயரால் 'பாலா அட்டவணை' என்பார்கள். முழு உரிமை நிலம் 100 என்றால், 99 ஆண்டு மிச்சமிருக்கும் நிலம் 96. அறுபது ஆண்டு இருந்தால் 80. முப்பது ஆண்டு இருந்தால் 60. முதலில் மெல்லத் தேய்ந்து, கடைசியில் சரசரவென்று இறங்கும், கிட்டத்தட்ட மனித உடம்பு மாதிரி. 2020 டிசம்பர் 31ஆம் தேதி கேலாங் லோரோங் மூன்றில் 191 தனியார் தரைவீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை முடிந்து, இழப்பீடு இல்லாமல் அரசாங்கத்திடம் திரும்பின. அவை ஹவுசிங் போர்டு வீடுகள் அல்ல. ஆனாலும் அன்று எங்கள் புளோக்கில் பலர் தங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துத் தேதி பார்த்தார்கள்.

நானும் பார்த்தேன். அங் மோ கியோவில் என் மூவறை வீட்டின் குத்தகை 1979இல் தொடங்கியது. 2078இல் முடியும். 2025ஐ வைத்துக் கணக்கிட்டால் 53 ஆண்டு பாக்கி. 2019 மே மாத விதிப்படி, வாங்குபவரின் 95 வயது வரை குத்தகை தாங்கினால்தான் சேம நிதியை முழு அளவுக்குப் பயன்படுத்தலாம். பேத்திக்கு 28 வயது. 28ஐயும் 53ஐயும் கூட்டினால் 81. பதினான்கு ஆண்டு குறைகிறது. என் வீட்டை ஐம்பது வயதுக்காரர் வாங்கினால் அந்தத் தடை இல்லை. என் பேத்தி வாங்கினால் உண்டு. சுவர் அதே சுவர், மாடி அதே மாடி.

இதை எல்லாம் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்: "அப்ப உங்க வீட்டு விலை ஏறணும்னு நினைக்கிறீங்களா, இறங்கணும்னு நினைக்கிறீங்களா?"

ஏறினால் எனக்கும் பாட்டிக்கும் மருத்துவச் செலவுக்கு ஆகும். இறங்கினால் அவளுடைய பட்டியலின் முதல் வரி இறங்கும். நாற்பது ஆண்டு மற்றவர் வீட்டுக்கு எண் எழுதியவன், அந்தக் கேள்விக்கு ஓர் எண்ணும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். "அதுக்குள்ள வடை ஆறிப்போச்சு, சூடு பண்ணட்டுமா?" என்று பாட்டி உள்ளேயிருந்து கேட்டாள். நல்ல வேளை.

விண்ணப்பம் போட்டுவிட்டார்கள். குலுக்கலில் எண் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.